எக்செல்லில் ஒரு கம்ப்ரஸருக்கு டிஜிட்டல் ட்வின்

டிஜிட்டல் ட்வின், அதாவது ஓர் இயந்திரத்தின் கணினி நகல், என்றதும் திரையில் சுழலும் முப்பரிமாணப் படம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். விற்க வருபவர்கள் முதலில் காட்டுவதும் அதைத்தான். என்னைக் கேட்டால் படம் கடைசியில் வரட்டும். இயந்திரம் எப்படி ஓட வேண்டும் என்று கணக்கு சொல்லும். எப்படி ஓடுகிறது என்று சென்சார் சொல்லும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் சரக்கு இருக்கிறது.

நார்வேயின் அகேர் குழுமம் 2016-ல் தொடங்கிய காக்னைட், எரிசக்தித் துறைக்கு டிஜிட்டல் ட்வின் மென்பொருள் செய்கிற நிறுவனம். வட கடலின் வால்ஹால் எண்ணெய் வயலில் ஓடும் ஒரு எரிவாயு கம்ப்ரஸரின் சென்சார் தரவை, வயலை நடத்தும் அகேர் பிபியும் காக்னைட்டும் சேர்ந்து 2018-ல் யாரும் பார்க்கலாம் என்று திறந்துவிட்டார்கள். அதே வகை இயந்திரத்துக்குக் குட்டி ட்வின் ஒன்று செய்வோம். எண்கள் பயிற்சிக்காக நான் வைத்தவை.

படி 1: நாலே அளவுகள் போதும். உள்ளே வரும் வாயுவின் அழுத்தம், வெப்பநிலை. வெளியே போகும் வாயுவின் அழுத்தம், வெப்பநிலை. சென்சார் பெயரில் பிடி (PT) என்றிருந்தால் அழுத்தம், டிடி (TT) என்றிருந்தால் வெப்பநிலை. நாலுக்கும் நாலு நெடுவரிசை.

படி 2: தரவைத் துடைத்து எடுங்கள். ஒவ்வொரு சென்சாரும் ஒவ்வொரு நொடியில் எண் அனுப்பும். எல்லாவற்றையும் 10 நிமிடச் சராசரியாக்குங்கள். இயந்திரம் கிளம்பும், நிற்கும் நேரங்களை நீக்குங்கள். கேஜ் அழுத்தமாக (வெளிக் காற்றழுத்தத்தைக் கழித்துக் காட்டுவது) இருந்தால் 1.013 பார் (அழுத்த அலகு) கூட்ட மறக்காதீர்கள். வெப்பநிலையோடு 273 கூட்டி கெல்வினாக்குங்கள்.

படி 3: இதுதான் ட்வினின் உயிர், நிதானமாகப் போவோம். வாயு 4 பாரில், 30 டிகிரியில் நுழைந்து 12 பாரில் வெளியேறுகிறது. அழுத்த விகிதம் 3. வாயுவின் தன்வெப்ப விகிதம் (மாறா அழுத்தத் தன்வெப்பத்தை மாறாக் கன அளவுத் தன்வெப்பத்தால் வகுத்தது) 1.27 என்றால் அடுக்கு 0.27-ஐ 1.27-ஆல் வகுத்தது, அதாவது 0.213. 3-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தி 1 கழித்தால் 0.264. அதை 303 கெல்வினால் பெருக்கினால் 80. இழப்பே இல்லாத கம்ப்ரஸரில் வாயு இத்தனை டிகிரி சூடாகும். அப்படி ஒரு கம்ப்ரஸர் உலகத்தில் கிடையாது.

படி 4: ஓவர்ஹால் முடிந்து நன்றாக ஓடிய நாட்களை எடுங்கள். அந்த 80-ஐ உண்மையில் ஏறிய வெப்பத்தால் வகுத்தால் செயல்திறன். 78 சதவீதம் வந்தால் அதுவே உங்கள் அளவுகோல். இதே அழுத்தங்களில் வாயு சுமார் 102 டிகிரி சூடாகி, 132-ல் வெளியே வர வேண்டும்.

படி 5: இன்றைய சென்சார் 140 காட்டினால்? ஏற்றம் 110, செயல்திறன் 73 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. கணக்குக்கும் சென்சாருக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனி நெடுவரிசையில் போட்டு, நாள்வாரியாக வரைபடமாக்குங்கள்.

காக்னைட் மாதிரி மென்பொருள்கள் ஆயிரக்கணக்கான சென்சார்களைக் குழாய் வரைபடங்களோடும் பழுதுபார்ப்புப் பதிவுகளோடும் கோத்துத் தருகின்றன. அந்தக் கோக்கும் வேலைக்குத்தான் காசு.

வரைபடத்தில் கோடு வாரக்கணக்கில் மெல்ல ஏறினால் கம்ப்ரஸருக்குள் அழுக்குப் படிகிறதா என்று பாருங்கள். ஒரே தாவலில் ஏறினால் முதலில் டிடி-யைச் சோதியுங்கள். வாயுவின் கலவை மாறினாலும் அந்த 1.27 மாறும்; கம்ப்ரஸரைத் திறக்கச் சொல்லுமுன் ஆய்வகத்தில் கேட்டுவிடுங்கள்.