மேப்பிள் லீஃப்ஸ் அடுத்த சீசனில் தேறுமா? கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் கனடாவின் ஐஸ் ஹாக்கி அணி; லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை 13 முறை வென்றது. கடைசியாக வென்றது 1967இல். வரும் சீசனைக் கணிக்க உட்காரும்போது இந்த இரண்டு எண்களையும் ஓரமாக வைத்துவிடுங்கள். 1942 முதல் 1967 வரை வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில் இருந்தவை ஆறே அணிகள், இன்று 32. தன் ஆதரவில் இருந்த மார்ல்பரோஸ் போன்ற ஜூனியர் அணிகளிலிருந்து லீஃப்ஸ் அன்று நேராக ஆளெடுத்தது. 1963இல் தொடங்கிய டிராஃப்ட் (அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு) அந்த வழியைப் படிப்படியாக அடைத்தது. 2005-06இல் ஓர் அணி வீரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பும் வந்தபின், பணத்தைக் கொட்டி அணி கட்டும் வழியும் போனது. கணிப்புக்குக் கடந்த இரண்டு மூன்று சீசன்களே போதும்.

புள்ளிப்பட்டியலை மட்டும் நம்பக் கூடாது. வென்றால் 2 புள்ளி. கூடுதல் நேரத்தில் தோற்றாலும் 1 புள்ளி உண்டு. அதனால் நடுத்தர அணியும் பட்டியலில் மேலே தெரியும். முதல் 60 நிமிடத்துக்குள் முடித்த வெற்றிகளைத் தனியாக எண்ணுங்கள். 2024-25இல் லீஃப்ஸ் 52 வெற்றி, 108 புள்ளிகளோடு அட்லான்டிக் பிரிவில் முதலிடம். அதே பிரிவில் 98 புள்ளி எடுத்த புளோரிடாதான் பிளே-ஆஃப் (சீசன் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் வெளியேற்றுச் சுற்றுகள்) இரண்டாம் சுற்றில் ஏழு ஆட்டத்தில் லீஃப்ஸை வெளியேற்றி, கோப்பையையும் தூக்கியது.

அடுத்தது அதிர்ஷ்டக் கணக்கு. இதைத் தவிர்த்தால் கணிப்பே வீண். இரு பக்கமும் ஐந்து பேர் ஆடும் நேரத்துக்கான எண்களை மட்டும் எடுங்கள். லீக் இணையதளத்திலேயே கிடைக்கும். அணி அடித்த ஷாட்களில் எத்தனை சதவீதம் கோலானது, கோல்கீப்பர் எத்தனை சதவீதம் தடுத்தார் என்ற இரண்டையும் கூட்டுங்கள். ஒருவர் போட்ட கோல் இன்னொருவர் விட்ட கோல்தானே. ஆகவே லீக் முழுமைக்கும் இந்தக் கூட்டுத்தொகை 100தான். ஓர் அணி 1,500 ஷாட் அடித்து 150 கோல் போட்டால் 10 சதவீதம். எதிரணிகளின் 1,500 ஷாட்டில் 120 கோல் விட்டால் 92 சதவீதம். மொத்தம் 102. 100க்கு மேல் உள்ளது பெரும்பாலும் அதிர்ஷ்டம், நிலைக்காது. அடுத்த சீசனில் இது 100க்கு இறங்கினால் 30 கோல் போச்சு. ஏறத்தாழ 6 கோலுக்கு ஒரு வெற்றி என்பது நடைமுறைக் கணக்கு. அப்படியானால் 5 வெற்றி, அதாவது 10 புள்ளி குறையும்.

ஷாட் கணக்கை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 2013-14 சாட்சி. அந்த லீஃப்ஸ் ஆட்டத்துக்குச் சராசரியாக 35க்கு மேல் ஷாட் வாங்கிக்கொண்டே, கோல்கீப்பரின் தயவில் மார்ச் பாதிவரை பிளே-ஆஃப் இடத்தில் நின்றது. கடைசி 14 ஆட்டத்தில் 12 தோல்வி. 84 புள்ளியோடு வீட்டுக்குப் போனது.

கோல்கீப்பர் விஷயத்தில் முதல் ஆளை மட்டும் பார்ப்பது பலரும் செய்யும் தவறு. சீசனுக்கு 80க்கு மேல் ஆட்டம், அடுத்தடுத்த இரவுகளில் ஆட்டம். இரண்டாவது ஆளும் தேறியவராக இருக்க வேண்டும். 2024-25இல் லீஃப்ஸின் கோல்கீப்பர் ஸ்டோலார்ஸ் 92.6 சதவீதம் தடுத்தார், அபாரமான எண். ஆனால் ஆடியது 34 ஆட்டம்தான். முழங்கால் அறுவைச் சிகிச்சை. புளோரிடாவுடனான முதல் ஆட்டத்திலேயே தலையில் அடிபட்டு வெளியேறியவர், அந்தத் தொடரில் மறுபடி ஆடவே இல்லை.

பிறகு சம்பளம். 2025-26 உச்சவரம்பு 95.5 மில்லியன் டாலர். லீஃப்ஸின் நட்சத்திரங்கள் மேத்யூஸுக்கு 13.25, நைலாண்டருக்கு 11.5, இரண்டு பேருக்கே நாலில் ஒரு பங்கு. அணியில் 23 பேர் வரை இருக்கலாம் என்பதால், மிச்சப் பணம் மூன்றாம், நான்காம் வரிசைக்கு (மாறி மாறி களமிறங்கும் முன்கள வீரர் குழுக்களில் பின்னால் வருபவை) எவ்வளவு எட்டுகிறது என்று கூட்டிப் பாருங்கள். ஒருவர் அணி மாறினால் அவருடைய எண்ணை அப்படியே கழிக்காதீர்கள். 2024-25இல் லீஃப்ஸுக்காக 102 புள்ளி (வீரருக்கு இது போட்ட கோலும், கோலுக்கு உதவியதும் சேர்ந்த கணக்கு) எடுத்த மார்னர் 2025 கோடையில் வேகாஸ் அணிக்குப் போனார். அவர் ஆடிய நிமிடங்களில் வேறொருவர் ஆடி, ஓரளவு கோல் போடத்தான் செய்வார். இழப்பு அந்த வித்தியாசம் மட்டுமே. ஆனால் மார்னர், எதிரணியில் ஆள் தண்டனையில் வெளியே இருக்கும் பவர்ப்ளேயிலும், தன் அணி ஆள் குறைவாக நிற்கும் நேரத்திலும் ஆடியவர். அந்த இரண்டு இடத்துக்கும் தனித்தனியே யார் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஜூலை 1க்குப் பிறகு ஒப்பந்தங்கள் ஓரளவு அடங்கியதும் முதல் கணக்கைப் போடுங்கள். சீசன் தொடங்கும்முன் இறுதிப் பட்டியல் வந்ததும் காயம்பட்டவர்களைக் கழித்துத் திருத்துங்கள். நவம்பர் கடைசியில் இன்னொரு முறை பாருங்கள்; அப்போது பிளே-ஆஃப் இடத்தில் இருக்கும் அணிகளில் பெரும்பாலானவை ஏப்ரலிலும் அங்கேதான் இருக்கும்.