இடது பக்கம் கரகரத்த ஆம்பிளிஃபையர்

ரங்கூனில் ஜப்பானிலிருந்து வரும் பழைய ஆம்பிளிஃபையர் சல்லிசாகக் கிடைக்கும். நானும் ஒன்று வாங்கினேன். முதலில் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படித்தேன்: 100 வோல்ட். நம் வீட்டுக்கு வருவது 230. நேராகச் செருகினால் புகைதான். அதனால் வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரையும் கையோடு வாங்கிவிட்டேன். விலை பேசும்போதே அந்தக் காசையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மழைக்காலம் போனதும் இடது பக்கம் கரகரவென்றது. "ஸ்பீக்கர் போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்றார் கடைக்காரர். எனக்கு மனசு வரவில்லை. ஆம்பிளிஃபையரை அணைத்துவிட்டு இடது, வலது ஸ்பீக்கர் வயர்களை மாற்றிச் செருகினேன். கரகரப்பு வலது ஸ்பீக்கருக்குத் தாவியது. சரி, ஸ்பீக்கர் மேல் தப்பில்லை. வால்யூமைத் திருகும்போதெல்லாம் இரைச்சல் கூடியதால், குற்றவாளி வால்யூம் கன்ட்ரோல்தான் என்று பிடித்துவிட்டேன்.

பிளக்கைப் பிடுங்கி ஓர் இரவு அப்படியே வைத்தேன். உள்ளே பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும், விளையாடக் கூடாது. மறுநாள் மூடியைத் திறந்தால் பல்லி முட்டை ஓடு வேறு! வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் இருந்த சின்ன இடுக்கில் கான்டாக்ட் கிளீனரை, அதாவது மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரேயை, லேசாக அடித்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் 30 தடவை திருகினேன். கதவுக் கீலுக்கு அடிக்கிற ஸ்பிரே வேண்டாம். பிசுக்கு தங்கித் தூசியைப் பிடிக்கும்.

நன்றாகக் காயவிட்டுப் போட்டேன். கரகரப்பு இல்லை. அப்புறம் ஸ்பீக்கர் வலையையும் கழற்றிப் பார்த்தேன். கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் விரல் பட்டதும் பொடிந்து உதிர்ந்தது. அது அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலை.