அம்மா பெயரில் பரிசு வைப்பது எப்படி: பஃபெட்டிடம் வாங்கிய ஒரு நிபந்தனை

என் அம்மா குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. கூட்டுறவுச் சங்கக் காசாளர் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றதும், அவள் பெயரில் ஒரு பள்ளிக்கு 50,000 ரூபாய் கொடுத்தேன். வட்டியில் ஆண்டுதோறும் கணக்கில் முதலிடம் பெறும் பிள்ளைக்குப் பரிசு. சால்வை போர்த்தினார்கள், படம் எடுத்தார்கள். ஆறு ஆண்டு கழித்துப் போய்க் கேட்டால், வைப்புநிதி ரசீது இரும்பு அலமாரியின் அடித்தட்டில் கிடக்கிறது. ஓரமெல்லாம் கரையான் மண். ஒரு பிள்ளைக்கும் பரிசு போகவில்லை. யாரும் திருடவில்லை, தலைமையாசிரியர்கள் மாறினார்கள், மறந்துபோனது.

அப்போதுதான் வாரன் பஃபெட்டைப் பற்றிப் படித்தேன். 11 வயதில் முதல் பங்கு வாங்கியவர், பெர்க்‌ஷயர் ஹாத்வே என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்தைப் பல பத்தாண்டு நடத்தியவர், 1958-ல் 31,500 டாலருக்கு வாங்கிய ஒமாஹா வீட்டிலேயே குடியிருப்பவர். சிக்கனம் நமக்குப் புதிதல்ல, அதை விடுங்கள். 2006-ல் அவர் பில் கேட்ஸின் அறக்கட்டளைக்குப் பங்குகளை ஒரே மூச்சில் தூக்கிக் கொடுக்கவில்லை. ஆண்டுக்கு ஒரு தவணை. அந்தந்த ஆண்டு தருவதைச் செலவழித்தே ஆகவேண்டும் என்றும் நிபந்தனை போட்டார். என் பரிசில் இல்லாதது இதுதான்.

இரண்டாம் முறை வேறு பள்ளி, ஒரு லட்சம். முதலில் வங்கியில் கவனியுங்கள். வட்டி அசலோடு சேரும் வகை வேண்டாம். அது கண்ணில் படாமலே வளர்ந்து மறக்கப்படும். ஆண்டுதோறும் வட்டி சேமிப்புக் கணக்குக்கு வரும் வகையைக் கேளுங்கள். 7 சதவீதம் என்றால் 7,000 ரூபாய். பரிசு 5,000 போதும். மீதி 2,000 கணக்கிலேயே கிடந்து, புதுப்பிக்கும்போது அசலில் சேரட்டும். இல்லாவிட்டால் பத்தாண்டில் விலைவாசி பரிசைத் தின்றுவிடும்.

வருமானவரிச் சலுகை வேண்டுமென்றால் அந்த நிறுவனத்துக்கு நன்கொடைக்கு வரிச்சலுகை தரும் பதிவு (80ஜி என்று சொல்லிவந்தது) உண்டா என்று பாருங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. புதிய வரிமுறையில் இருப்பவருக்கு எப்படியும் கிடையாது.

ஒரு லட்சம் இல்லையே என்பவர்கள் நம் கன்னியாகுமரிக் கடலுக்குள் பாருங்கள். 1970-ல் திறந்த விவேகானந்தர் பாறை மண்டபத்துக்கு ஏக்நாத் ரானடே ஒற்றை ரூபாய் நன்கொடையும் திரட்டினார். பழைய மாணவர்கள் இருபது பேர் சேர்ந்தால் ஆளுக்கு ஐயாயிரம்தான்.

பிறகு ஒரு பக்க ஒப்பந்தம். யார் தேர்வு செய்வது, எந்த நாளில் கொடுப்பது என்று எழுதுங்கள். "ஆண்டு விழாவில்" என்று எழுதாதீர்கள், விழா தள்ளிப்போகும். நான் நவம்பர் 1 என்று எழுதினேன், 1956-ல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நாள். விடுமுறையானால் அடுத்த வேலைநாள். கடைசி வரி: பரிசு கொடுக்காத ஆண்டின் தொகை மார்ச் 31-க்குள் நூலகத்துக்குப் புத்தகமாக மாற வேண்டும்.

"இவ்வளவு கண்டிப்பா சார்?" என்றார் தலைமையாசிரியை. பையிலிருந்து அந்தப் பழைய ரசீதின் நகலை எடுத்து நீட்டினேன். கரையான் அரித்த ஓரம் நகலிலும் தெளிவாகவே விழுந்திருந்தது. பேனாவைத் திறந்தார்.