சிறுநீரில் மாற்றம் தெரிந்தால்: எதைக் கவனிப்பது, எப்போது பரிசோதிப்பது

சிறுநீர்த் தொல்லை என்றதும் எரிச்சலும் கடுப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. அவை இருந்தால் எவரும் அதிகம் தாமதிப்பதில்லை. வலியே இல்லாமல் சிறுநீர் ஒரு முறை சிவந்து, மறுநாள் தானாகத் தெளிந்துவிட்டால், உடம்புச் சூடு என்று சொல்லிப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இந்த இரண்டில் கூடுதலாக அஞ்ச வேண்டியது பின்னதற்குத்தான்.

சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் வலியில்லாத இரத்தக் கசிவே. அது விட்டுவிட்டு வரும் இயல்புடையதால், நின்றுபோனதை நலமானதற்குச் சான்றாகக் கொள்ள முடியாது. நடுத்தர வயதைக் கடந்தவர்களும் புகைபிடிப்பவர்களும் ஒரே ஒரு முறை இரத்தம் கண்டாலும் சிறுநீர்ப் பரிசோதனை, ஸ்கேன், மருத்துவர் சொன்னால் சிஸ்டோஸ்கோபி (மெல்லிய கேமராக் குழாயைச் செலுத்திச் சிறுநீர்ப்பையின் உட்புறத்தைப் பார்ப்பது) என்று காரணம் தெரியும்வரை பார்த்துவிட வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்பவர்களும் அதன்மேல் பழியைப் போட்டு விட்டுவிடக் கூடாது. பீட்ரூட்டும் காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் சிறுநீரின் நிறத்தை மாற்றும் என்பது உண்மைதான். ஆனால் தெரிவது நிறமா இரத்தமா என்பதைப் பரிசோதனையால் உறுதிசெய்வதே சரி.

எரிச்சலுடன் அடிக்கடி சிறுநீர் முட்டுவதும், போனால் கொஞ்சமாகவே வருவதும் பொதுவாகக் கிருமித் தொற்றைக் குறிக்கின்றன. ஆரோக்கியமான இளம்பெண்ணுக்கு எப்போதாவது வரும் எளிய தொற்றுக்கு, அறிகுறிகளை மட்டும் வைத்தே மருத்துவர் சிகிச்சை தொடங்கலாம். கர்ப்பிணிகள், ஆண்கள், குழந்தைகள், தொற்று திரும்பத் திரும்ப வருபவர்கள், மருந்து தொடங்கி இரண்டு நாளாகியும் குணம் தெரியாதவர்கள் ஆகியோருக்கு யூரின் கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துக் கண்டறியும் சோதனை) அவசியம். வீட்டில் மிஞ்சிக் கிடந்த ஆன்டிபயாடிக்கை விழுங்கிவிட்டு மாதிரி கொடுத்தால், கிருமி இருந்தும் வளராமல் போகலாம். ஆகவே மாதிரி முதலில், மருந்து பிறகு.

மாதிரி எடுக்கும் முறையில் பிழை நேர்ந்தால் முடிவும் பிழையாகும். கைகளைக் கழுவி, பிறப்புறுப்பை நீரால் சுத்தம் செய்து, முதலில் வரும் சிறுநீரைக் கழிப்பிடத்தில் விட்டுவிட்டு, இடையில் வருவதை மட்டும் ஆய்வகம் கொடுத்த கிருமி நீக்கிய டப்பாவில் பிடிக்க வேண்டும். மூடியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஒப்படைக்க இயலாவிட்டால் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். மாதவிடாய் நாளானால் அதை ஆய்வகத்தில் சொல்லிவிடுவது நல்லது. எந்தத் தொல்லையும் இல்லாத முதியவருக்கோ, சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டவருக்கோ கல்ச்சரில் கிருமி தெரிந்தால், அதற்காக மட்டும் மருந்து கொடுப்பது பொதுவாகத் தேவையில்லை. கர்ப்பிணிக்கு அப்படியல்ல, அறிகுறி இல்லாவிட்டாலும் சிகிச்சை வேண்டும்.

அடிக்கடி போவதுதான் தொல்லை என்றால், மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் மூன்று நாள் குறிப்பு எழுதுங்கள். "இரவு 2.10, 350 மி.லி., தூக்கத்திலிருந்து எழுந்தேன்" என்பது போல நேரமும் அளவும், எப்போது எவ்வளவு பருகினீர்கள் என்பதும் அதில் இருக்கட்டும். ஒரு நாளில் 3 லிட்டருக்கு மேல் போனால் இரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மிகக் கொஞ்சமாகவே போனால் சிறுநீர்ப்பையையோ, ஆண்களானால் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியையோ ஆராய்வார்கள். நீர்த்தாரை மெலிந்து, முக்கிப் போகும் நிலை இருந்தால், போன பிறகு பையில் எவ்வளவு தேங்குகிறது என்பதையும் ஸ்கேனில் அளப்பது பயன்தரும். இரவில் மட்டும் அளவு கூடி, மாலையில் கால் வீங்கினால், இதயத்தையும் சிறுநீரகத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கும்.

நுரை கலையாமல் நாள்தோறும் நிற்குமானால், சிறுநீரில் புரதம் கசிகிறதா என்பதையும் இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவுப்பொருள்) அளவையும் சோதிக்க வேண்டும். சர்க்கரை நோயோ இரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் நுரைக்காகக் காத்திராமல் ஆண்டுக்கு ஒரு முறையாவது இவற்றைச் செய்துகொள்ள வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு தொடக்கத்தில் பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை.

சில நிலைகளில் மறுநாள்வரை பொறுக்கக் கூடாது. குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி ஆகியவை தொற்று சிறுநீரகத்தை எட்டியதைக் காட்டலாம். முட்டிக்கொண்டு வந்தும் ஒரு சொட்டும் போக முடியாமை, இரத்தக் கட்டிகள் வருதல், முதுகுவலியோடு தொடையிடுக்கு மரத்துப்போய்ச் சிறுநீர் தெரியாமல் கசிதல் அல்லது போகாமல் நின்றுவிடுதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும், ஆய்வகத்துக்குப் போகாமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.