நேரு காசு வெள்ளி இல்லை

பெரியம்மாவின் சுருக்குப்பையிலிருந்து மூன்று ஒரு ரூபாய்க் காசுகள் வந்தன: 1919, 1944, 1964. மூன்றும் வெள்ளி என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள். ஃபிரிட்ஜ் கதவில் இருந்த காந்தத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். நேரு முகம் போட்ட 1964 காசு டப்பென்று ஒட்டிக்கொண்டது. வெள்ளி அப்படி ஒட்டாது. அது நிக்கல். 1947-இல் வந்த புலி போட்ட ரூபாயும் நிக்கல்தான். பளபளப்பைப் பார்த்து உலோகம் சொல்வதுதான் முதல் தவறு.

சரி, மற்ற இரண்டும் வெள்ளி. ஆனால் ஒரே வெள்ளி இல்லை. எடை இரண்டுக்கும் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. 1939 வரை அடித்த ரூபாயில் 91.7 சதவீதம் வெள்ளி. போர்க்காலத்தில், 1940 முதல், அதைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். ஆக, 1919 காசில் சுமார் 10.7 கிராம் வெள்ளி, 1944 காசில் 5.8 கிராம்தான். மொத்த எடையை வெள்ளி விலையால் பெருக்கிக்கொண்டு போய், கடைக்காரர் பாதி விலை சொன்னதும் சண்டை பிடிக்காதீர்கள். நியாயம் அவர் பக்கம் இருக்கலாம்.

விற்கும் முன் புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். உருக்குபவருக்கு அழுக்கு பொருட்டில்லை. சேகரிப்பவரோ தேய்த்த காசைக் கண்டதும் விலையைக் குறைத்துவிடுவார். 1939 ரூபாய் போல அரிதான ஆண்டு கையில் இருந்தால், அதை வெள்ளி விலைக்குப் போடுவது பெரிய நஷ்டம்.

புழக்கத்தில் உள்ள காசுக்கு வருவோம். ஒரு ரூபாய் நாணயம் அடிக்க 1.11 ரூபாய் செலவு என்று 2018-இல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பதில் வந்தது. உடனே ‘உலோகமே ஒரு ரூபாய்க்கு மேல்’ என்று கிளப்பிவிட்டார்கள். அச்சடிக்கும் செலவு வேறு, உலோக மதிப்பு வேறு. அப்போதைய ஒரு ரூபாய் நாணயம் 3.79 கிராம்; ஒரு கிலோ சேர 264 நாணயம், அதாவது 264 ரூபாய் வேண்டும். நிக்கல் இல்லாத எவர்சில்வரைப் பழைய இரும்புக் கடையில் கிலோ 264 ரூபாய்க்கு யார் எடுப்பார்கள்?

பழைய தடிமனான ஐந்து ரூபாய்க் கதை வேறு. 9 கிராம், முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல். செம்பு கிலோ 900, நிக்கல் 1,400 என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் உலோகமே ஒன்பது ரூபாய்க்கு மேல் வருகிறது. கணக்கு சரி. ஆனால் இரண்டையும் பிரித்தெடுக்கும் செலவு அதில் இல்லை. அப்புறம், 2011 நாணயச் சட்டப்படி செல்லுபடியாகும் காசை உருக்கினால் ஏழு ஆண்டு வரை சிறை.

பெரியம்மாவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. நேரு காசைத் திரும்ப வாங்கிச் சாமி மாடத்தில் வைத்துவிட்டார்.