ராமநாதபுரம் கடற்கரைக்கு வருகிறீர்களா? முதலில் மாதத்தைச் சொல்லுங்கள்

வெளியூர்ச் சொந்தக்காரர்கள் "ராமேஸ்வரம் பக்கம் வரலாம்னு இருக்கோம்" என்று போன் செய்தால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த மாசம்? உச்சிப்புளிக்காரி எனக்கு அது தானாக வாயில் வந்துவிடும். எங்களுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா என்று இரண்டு கடல். பெண்கடல், ஆண்கடல் என்பார்கள். ஆனி, ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தெற்கே அலை புரளும். வடக்கே குளம்போலக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை பிடித்தால் அப்படியே தலைகீழ். தை, மாசியில் வந்தால் வெயிலும் தாங்கும், பறவைகளும் இருக்கும்.

குளிக்க அரியமான் போங்கள். வடகடல் கரை, சவுக்குத் தோப்பு நிழல், ஆழமில்லாத தண்ணீர். பிள்ளைகளை விட்டுவிட்டு மணலில் உட்காரலாம், கண் மட்டும் அவர்கள் மேல் இருக்கட்டும். தனுஷ்கோடிக் கடைக்கோடியில் இருக்கும் அரிச்சல்முனையில் குளிக்கவே வேண்டாம். இரண்டு கடலும் சேருமிடம், உள்ளிழுப்பு அதிகம்.

தனுஷ்கோடிக்கு விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் மணல் சுடும், ஒதுங்க நிழல் தேட வேண்டியிருக்கும். 2017-ல் முனை வரை தார்ச்சாலை வந்ததிலிருந்து எல்லோரும் நேரே போய் செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். வழியிலேயே இறங்குங்கள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில், பாம்பனிலிருந்து வந்த ரயிலோடு ஊரும் போனது. மிச்சம் நிற்கும் மாதா கோவில் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். செங்கல் இல்லை, பவளப்பாறைக் கல். துளைத்துளையாக, சில இடத்தில் பூ விரிந்த மாதிரி வரிகளோடு இருக்கும். உதிர்ந்துகொண்டிருக்கிறது, அதனால் மேலே ஏறி போட்டோ எடுக்காதீர்கள். அந்தப் புயலிலும் கோதண்டராமர் கோவில் தப்பியது.

அந்தப் பக்கத்துச் சேற்றுநீரில்தான் பூநாரைகள் வரும். 2025-ல் தனுஷ்கோடிப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்தது. பைனாகுலர் இருந்தால் அலகைக் கவனியுங்கள். தலையைக் கவிழ்த்துத் தண்ணீரை அரித்து அரித்துச் சாப்பிடும். சாலையிலேயே நில்லுங்கள். கிட்டப் போனால் கூட்டமே எழும்பிவிடும், அப்புறம் பார்க்க ஒன்றும் இருக்காது.

கூட்டம் பிடிக்காதவர்களுக்குத் தொண்டி போகும் வழியில் காரங்காடு. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போகிறார்கள். காலை நேரம் நல்லது, முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். சேற்றிலிருந்து மேலே குத்திட்டு நிற்கும் குச்சிகள் அந்த மரங்களின் மூச்சு வேர்கள்.

பழைய கதை வேண்டுமென்றால் ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசம். சேதுபதிகள் காலத்துச் சுவரோவியத்தில் தஞ்சை மராட்டியரோடு நடந்த சண்டை இருக்கிறது, தொப்பி போட்ட ஐரோப்பியர்களும் இருக்கிறார்கள். அவசரப்பட்டால் ஒன்றும் தெரியாது, கண் இருட்டுக்குப் பழகட்டும். அப்புறம் கீழக்கரை. கோவில் மண்டபம் மாதிரியே கல்தூண் வைத்துக் கட்டிய பழைய ஜும்மா பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியத்தைத் தவிர்த்து, அங்கிருப்பவர்களிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். திரும்பும்போது தொதல் வாங்காமல் வராதீர்கள். தேங்காய்ப்பால் எண்ணெய் பிரியும்வரை கிண்டிய இனிப்பு, விரலில் ஒட்டும்.

கடை வாசலில் பவளத் துண்டை நீட்டினால் வாங்காதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி குற்றம், சோதனையில் மாட்டினால் வம்பு. மீன் சாப்பிடத்தான் வருகிறோம் என்பவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வராமல் இருப்பது நல்லது. அந்த 61 நாளும் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும். ருசி குறையாது, விலைதான் கேட்கும்படி இருக்காது.