அடைக்கு உட்கார்ந்த கோழி: வைப்பதா, கலைப்பதா?

பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் நாட்டுக்கோழி ஒருநாள் கூட்டைவிட்டு எழுந்திருக்காது. கையை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். அடித்தொண்டையில் கொக் கொக் என்று ஒரே சுருதியில் முனகும். நெஞ்சுக்கு அடியில் இறகு குறைந்து வெறும் தோல் சூடாகத் தட்டுப்படும். தினம் ஒருமுறை இறங்கி ஒரு பெரிய எச்சம் போடும், நாற்றம் ஊரைத் தூக்கும். கழிச்சல் என்று நினைத்து மருந்துக்கு ஓட வேண்டாம். நாள் முழுக்க அடக்கியதை ஒரே தடவையில் போடுகிறது, அவ்வளவுதான்.

புதிதாக வளர்ப்பவர்கள் பலர் முட்டையை மட்டும் எடுத்துவிட்டு, "அது பாட்டுக்கு உட்காரட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். கோழிக்குக் கெடுதலே இதில்தான். முட்டை இருந்தால் 21 நாளில் குஞ்சு வரும், கோழியும் எழும். வெறும் கூட்டில் உட்கார்ந்த கோழி எப்போது எழும் என்று சொல்ல முடியாது. தீனி குறைந்து, இளைத்து, பேன் ஏறிக் கிடக்கும். அதனால் முட்டை வைத்து அடைகாக்க விடுவதா, அடையைக் கலைத்துக் கோழியை எழுப்பிவிடுவதா என்று ஓரிரு நாளுக்குள் முடிவெடுங்கள்.

1. முதலில் தூக்கிப் பாருங்கள்

நெஞ்செலும்பை விரலால் தடவுங்கள். இரண்டு பக்கமும் சதை இருந்தால் அடை தாங்கும். எலும்பு கத்தி முனை மாதிரி துருத்தினால் இந்தத் தடவை வைக்காதீர்கள், தேற்றி அடுத்த ஈற்றுக்கு வையுங்கள். பின்புறத்து இறகை விலக்கிப் பார்த்தால் பேன் ஓடுவதும், இறகின் அடியில் ஈர் கொத்துக் கொத்தாக ஒட்டியிருப்பதும் தெரியும். பேனை ஒழித்த பிறகுதான் அடை.

2. வைப்பதென்றால்

சிறுவிடை என்கிற சின்ன உடம்பு நாட்டுக்கோழிக்குப் பத்து முட்டை போதும். எல்லா முட்டையும் இறக்கைக்குள் அடங்க வேண்டும், ஓரத்தில் தெரியும் முட்டை குளிர்ந்து வீணாகும். சேவலோடு திரிந்த கோழியின் முட்டையாக, ஒரு வாரத்துக்கு உட்பட்டதாகப் பார்த்து எடுங்கள். கழுவக் கூடாது, ஃபிரிட்ஜில் வைத்திருக்கவும் கூடாது.

மூங்கில் கூடையிலோ அகலமான மண்சட்டியிலோ அடியில் மணல், மேலே காய்ந்த வைக்கோல், நடுவே ஒரு கை வேப்பிலை. வேப்பிலை காய்ந்தால் மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு கோடு போடுவது நல்லது. மற்ற கோழிகள் வந்து அதே கூட்டில் முட்டையிட்டுப் போகும். கோடில்லாததை அன்றன்றே எடுத்துவிடலாம், இல்லையென்றால் பத்து பதினெட்டாகிவிடும். வேறு இடத்துக்குக் கோழியை மாற்றுவதானால் இருட்டிய பிறகு மாற்றுங்கள். பகலில் மாற்றினால் பழைய இடத்துக்கே ஓடும்.

ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச்சுக்கு மேல் முட்டையை வைத்துப் பாருங்கள். உள்ளே சிவப்பாக நரம்பு ஓடினால் கரு பிடித்திருக்கிறது. நரம்பே இல்லாமல் வெறுமையாகத் தெரிந்தால் அது கூமுட்டை, எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் அழுகி வெடித்து மற்ற முட்டைகளையும் கெடுக்கும்.

3. அடையில் இருக்கும்போது

தினம் ஒரே நேரத்தில் கோழியை இறக்கிவிடுங்கள். தானாக இறங்குகிற கோழியும் உண்டு, பட்டினி கிடந்தாலும் இறங்காத கோழியும் உண்டு. தூக்கும் முன் இறக்கைக்குள் முட்டை சிக்கியிருக்கிறதா என்று கைவிட்டுப் பாருங்கள். கால் மணி நேரம், இருபது நிமிடம் வெளியே இருந்தால் முட்டைக்கு ஒன்றும் ஆகாது.

தீனிக்குக் கம்பு, சோளம் போன்ற தானியம் நல்லது. நீர்த்த தீனி கொடுத்தால் எச்சம் இளகிக் கூட்டிலேயே போய்விடும். தண்ணீர் கூட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். சித்திரை வெயிலில் கோழி வாயைப் பிளந்து இரைத்தால் கூட்டை நிழலுக்கு நகர்த்துங்கள்.

பக்கத்தில் மணலும் சலித்த அடுப்புச் சாம்பலும் கலந்து ஒரு குழி வைத்துவிடுங்கள். இறங்கியதும் அதில் புரண்டு குளிக்கும். பேனுக்கு இதைவிட மலிவான வைத்தியம் இல்லை. செல் என்கிற பொடிப்பூச்சி வேறு கதை. பகலில் கூட்டின் இடுக்கில் ஒளிந்துகொண்டு ராத்திரி ஏறி ரத்தம் குடிக்கும். ராத்திரி டார்ச் அடித்து, ஒரு வெள்ளைத் துணியால் கூட்டின் இடுக்குகளைத் துடைத்துப் பாருங்கள். சிவப்புக் கறை பட்டால் செல் இருக்கிறது. கொண்டை வெளுத்து, கோழி திடீரென்று கூட்டைவிட்டு ஓடினாலும் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். வைக்கோலைக் கொளுத்திவிட்டு, முட்டையை வேறு கூடைக்கு மாற்றி, பழைய கூட்டுக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். கோழியின் உடம்பில் மருந்து தெளிப்பதானால் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம், முட்டைக்குள் குஞ்சு இருக்கிறது.

18-ம் நாளுக்கு மேல் முட்டையைத் தொடாதீர்கள். மூக்கால் ஓட்டை போட்ட குஞ்சு வெளியே வர ஒரு நாள்கூட ஆகும். பாவம் என்று ஓட்டை உரித்துவிட்டால் ரத்தம் வந்து செத்துவிடும். வெளியே வந்த குஞ்சுக்கு மஞ்சள் கரு வயிற்றில் இருப்பதால் முதல் நாள் தீனிக்கு அவசரமில்லை. ஒரு வார வயதில் வெள்ளைக்கழிச்சல் நோய் வராமலிருக்கக் கண்ணில் ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து விட வேண்டும். அரசு கால்நடை மருந்தகத்தில் விசாரியுங்கள்.

4. கலைப்பதென்றால்

தண்ணீரில் முக்குவது, மூக்கில் இறகைக் குத்துவது, காலைக் கட்டிப்போடுவது என்று ஊரில் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். எனக்கு எதுவும் உடன்பாடில்லை. தண்ணீரில் முக்கிய கோழி மழைக்காலத்தில் சளி பிடித்துக் கிடக்கும்.

வயிற்றுக்கடியில் சூடு தங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். அடியிலும் கம்பி வலை அடித்த ஒரு கூண்டை இரண்டு செங்கல்மேல் தூக்கி வைத்து, கோழியை உள்ளே விடுங்கள். வைக்கோல், சாக்கு எதுவும் போட வேண்டாம். காற்று அடியில் புகுந்து போக வேண்டும். வெளிச்சமான நிழலில், மற்ற கோழிகள் கண்ணில் படும் இடமாக இருக்கட்டும். தீனியும் தண்ணீரும் வழக்கம்போல. அடைக்கு உட்கார்ந்த ஓரிரு நாளுக்குள் கூண்டில் விட்டால் மூன்று நான்கு நாளில் கலைந்துவிடும், ஒரு வாரம் கழித்து விட்டால் அதற்குமேலும் ஆகும்.

திறந்துவிட்டதும் நேரே பழைய கூட்டுக்கு ஓடினால் இன்னும் இரண்டு நாள் உள்ளேயே இருக்கட்டும். குப்பையைச் சீய்க்கப் போனால் கலைந்துவிட்டது என்று அர்த்தம். மறுபடி முட்டைக்கு வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அதுவரை பழைய கூட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தீனியோடு கொஞ்சம் கிளிஞ்சல் தூளும் கீரையும் சேர்த்துக் கொடுங்கள்.